படிக்கல்லாரின் மண்ணீரல்

ஸ்கேன் கருவியை அவருடைய இடுப்பில் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை ஒரு கணம் நின்றது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். எடை அளவு ஆய்வாளராக இருபத்தெட்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவருக்கு அந்த ஒரு கணமே போதுமானதாக இருந்தது. தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருக்கும் கடைக்காரன், ஆய்வாளர் அந்தத் தட்டைத் தொடும்போது இப்படித்தான் கையை அந்தரத்தில் நிறுத்துவான். பாதி வழக்குகளை அவர் அப்படித்தான் பிடித்திருக்கிறார்.

"என்னம்மா தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். மூச்சை இழுத்துப் பிடிங்க."

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு மூணாவது தடவையா அதே எடத்துக்கு வர்றீங்க?"

அந்தப் பெண் எழுந்துபோய் ஸ்கேன் டாக்டரை அழைத்து வந்தாள். அவரும் திரையைப் பார்த்தார். சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க வந்தவருக்குக் கல் இல்லை. மாறாக, இடது விலா எலும்புகளுக்கு அடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கவேண்டிய மண்ணீரல் நீளத்தில் ஒன்றரை மடங்கு பெருத்திருந்தது. அதற்குள் ஏழெட்டுக் கட்டிகள். பெரியது 4.2 சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது.

கடைத்தெருவில் அவருக்குப் படிக்கல் என்று பெயர். எடைக்கல்லைப் போல அசையமாட்டார், ஒரு குன்றிமணி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார் என்பதால் யாரோ ஒரு மளிகைக்காரர் வைத்தது. "படிக்கல் வர்றாரு" என்று தெருமுனையில் ஒரு குரல் எழுந்தால் கடைசிக் கடை வரைக்கும் தராசுகள் திடீரென்று யோக்கியமாகிவிடும். ஒருவரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அரசாங்கம் தனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பார். வீட்டிலும் அந்த வேலையை அவர் ஓய்வில்லாமல் பார்த்தார் என்பது அவர் மனைவியின் குறை.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். அவளையும் கூட்டிக்கொண்டுதான் அறுவை டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் ஐம்பது வயதுப் பெண். ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்காதவர். சிடி ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அதில் பெரிய கட்டி 5.6 சென்டிமீட்டர் என்று வந்தது.

படிக்கல்லாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பன்னெண்டு நாள்ல ஒண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா, இல்ல ரெண்டுல ஒரு மெஷின் பொய் சொல்லுதா?"

டாக்டர் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும் இல்ல சார். மொதல் ஸ்கேன்ல விலா எலும்பு நடுவுல இருந்து சாய்வா பார்த்திருக்காங்க. உருளைக்கிழங்கைக் குறுக்கே அளந்தா ஒரு அளவு, நெடுக்கே அளந்தா ஒரு அளவு."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் அவருக்கு என்றுமே பிடிக்காது.

"இது கேன்சரா?"

"தெரியாது."

"ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே. என் தம்பிக்குக் கழுத்துக் கட்டியில அப்படித்தான் பார்த்தாங்க."

"கழுத்து வேற, மண்ணீரல் வேற. இது ரத்தத்துல ஊறின பஞ்சு மாதிரி. அதுவும் உங்களோட கட்டிக்குள்ளயே ரத்தம் தேங்கி நிக்குது. குத்தினா வயித்துக்குள்ள கசிய ஆரம்பிச்சிடும். அப்படி எடுத்தாலும் அந்தத் துணுக்கு வெச்சு முடிவா சொல்ல முடியாது. மண்ணீரல்ல கட்டி வர்றதே அபூர்வம். அதுல இருபது வகை இருக்கு, பாதி சாது, பாதி பொல்லாதது. வெளிய இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்போ?"

"மண்ணீரலை முழுசா எடுத்துட்டு, அதுக்கப்புறம் பேர் வைக்கலாம்."

அதாவது, என்னவென்றே தெரியாத ஒன்றுக்காக வயிற்றைக் கிழிக்கவேண்டும். வெளியே வந்ததும் படிக்கல்லார் மனைவியிடம் சொன்னார்: "குற்றம் என்னன்னு சொல்லாமலே தண்டனை குடுக்கறாங்க. கத்தியைத் தீட்டி வெச்சுக்கிட்டு ஆள் வரட்டும்னு உக்காந்திருக்காங்க."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கிக்கொண்டாள். அவர் அதையும் கவனித்தார்.

இரண்டாவது கருத்துக்கு ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போனார். முதல் டாக்டர் யார் என்று மூச்சுவிடவில்லை. ரிப்போர்ட்டின் தலைப்பில் இருந்த பெயரை மடித்து மறைத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த வயதான டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். ஏறக்குறைய அதே சொற்கள். படிக்கல்லாருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டும். ஆனால் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழைப் போகிறபோக்கில் படித்தார். முதல் டாக்டரின் சுவரில் பார்த்த அதே கல்லூரி.

"பாத்தியா?" என்றார்.

"அந்தக் காலேஜ்ல வருஷத்துக்கு இருநூறு பேர் படிக்கறாங்க" என்றாள் மனைவி.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அந்த வாரத்திலிருந்து வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. மனைவி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகத் தொடங்கினாள். அவர் தலை தெரிந்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கும் மகள் வந்தால், அம்மாவும் மகளும் சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே குசுகுசுவென்று பேசினார்கள். ஒருநாள் மாலை கூடத்துக் கொடியில் துணி எடுக்கும் சாக்கில் படிக்கல்லார் பால்கனிக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் காதுல விழுந்துடக் கூடாது" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சா ஆயிரம் கேள்வி. ரெண்டு வாரம்தான் டைம். அதுக்குள்ள எல்லாரும் வந்து முடிச்சிட்டுப் போயிடணும். உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிடு."

மறுமுனையில் மச்சான், மனைவியின் தம்பி. ரெண்டு வாரம். எல்லாரும் வந்து. படிக்கல்லார் கையிலிருந்த துண்டை எடுத்த கொடியிலேயே திரும்பப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அறுவை டாக்டரைப் பார்க்கப் போன அன்று, சிடி பிரதி வாங்க அவர் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தபோது டாக்டரும் மனைவியும் கால் மணி நேரம் தனியாக இருந்தது நினைவுக்கு வந்தது. அவர் திரும்பி வந்தபோது மனைவியின் கண் கலங்கியிருந்ததா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசிக்காகக்கூடத் துடைத்திருக்கலாம். ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் முடிச்சு விழுந்தது. இவர்களுக்கு உண்மை தெரியும். தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்கு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு நடக்கிறது.

அடுத்தடுத்த நாட்களில் அது உறுதியாகிக்கொண்டே போனது. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத மச்சான் காரணமில்லாமல் வந்து, வலது கையால் இடது தோளைத் தேய்த்தபடி, "உடம்பைப் பாத்துக்கங்க மாமா" என்றார். மருமகன் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கூட அன்பாகச் சிரித்தார். படிக்கல்லார் அவர்களையெல்லாம், வரிசையாக வந்து மாட்டிக்கொள்ளும் கடைக்காரர்களைப் போலக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. அது பயத்தாலா, பெருத்த மண்ணீரல் இரைப்பையை நெருக்குவதாலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய பள்ளிப் பையைத் திறந்தார். முப்பது வருட மணவாழ்க்கையில் அதைச் செய்தது அதுவே முதல்முறை. விடைத்தாள் கட்டுக்கு அடியில் ஒரு நீல உறை. அதற்குள் ஐந்து அட்டைகள். மேலே இருந்ததில் மனைவியின் பெயர், அடுத்ததில் மகள், மருமகன், மச்சான், மச்சான் மனைவி. ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு முத்திரை, டாக்டர் கையெழுத்து. ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி.

அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மனைவி தலையைத் துவட்டியபடி வந்தாள். திருடனைப் பிடித்தவளைப் போல அவள் பார்க்கவில்லை. களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன இது?" என்றார்.

"படிக்கத் தெரியுமே."

"எதுக்கு எல்லாருக்கும் ஊசி?"

"மண்ணீரலை எடுத்துட்டா உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கொறைஞ்சிடும். மத்தவங்களுக்குச் சளியோட போறது உங்களை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிடும். அதனால வீட்டுக்குள்ள வந்து போறவங்க எல்லாரும் ஊசி போட்டுக்கணும், அது உடம்புல பிடிக்க ரெண்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாங்க."

"நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கவே இல்லையே."

"என்னிக்கோ ஒருநாள் ஒத்துப்பீங்கன்னுதான். ரெண்டு வாரத்துல உங்களை ஒத்துக்க வெக்கணும்னு நானே கெடு வெச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்சே?"

அவள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா அந்த ஊசி யாரு கண்டுபிடிச்சது, டாக்டருக்கு அதுல என்ன லாபம், ஏன் ரெண்டு வாரம், ஏன் மூணு இல்லன்னு கேட்டிருப்பீங்க. நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள யாரும் போட்டிருக்க மாட்டாங்க. இந்த வீட்ல நாங்க எல்லாம் முப்பது வருஷமா உங்க தராசுத் தட்டுல ஏறி நிக்கறோங்க. ஒருநாள் எறங்கி நின்னோம், அவ்வளவுதான்."

தோளைத் தேய்த்துக்கொண்டு வந்த மச்சானின் முகம் படிக்கல்லாரின் நினைவில் வந்துபோனது. அட்டைகளை அடுக்கி உறைக்குள் போட்டார். மறுநாள் காலை அவரே அறுவை டாக்டரைப் போய்ப் பார்த்தார்.

அவருக்கு மூன்று விதமான தடுப்பூசிகள் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அறுவை. நுண்துளை போட்டு எடுக்கிறார்களாமே, நீங்கள் ஏன் நீளமாகக் கிழிக்கப்போகிறீர்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டுவைத்தார். "சின்ன ஓட்டை வழியா எடுக்கணும்னா உள்ளயே துண்டு துண்டா ஒடைக்கணும். பொல்லாததா இருந்து, ஒடைச்சா வயிறு பூரா தூவின மாதிரி ஆயிடும். முழுசா எடுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார் டாக்டர். இந்தப் பதிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை டாக்டரின் சந்தேகமும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததால் அவருக்குப் பிடித்திருந்தது.

அறுவை மூன்று மணி நேரம். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சிவப்பு அட்டை கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது, கைவசம் உள்ள மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. திசுப் பரிசோதனை முடிவு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் என்றார்கள். பிறகு பத்து நாள் என்றார்கள். மூன்று வாரம் ஆனது. போன் செய்தால் "இன்னும் டாக்டர் கையெழுத்துப் போடல" என்றார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டு சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார் படிக்கல்லார். மனைவி இந்த முறை மறுக்கவில்லை. அவளே இரண்டு முறை பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்திருந்தாள்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று இருவரும் நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். நோயாளிகள் வழக்கமாகப் போகாத இடம். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. திசு டாக்டர் மெலிந்த, தலை நரைத்த பெண். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே "யாரு?" என்றார்.

"நான்தான் அந்த மண்ணீரல்" என்றார் படிக்கல்லார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். உட்காரச் சொன்னார். கோப்பை எடுத்தார். அறுநூற்று நாற்பது கிராம், எடையில் சாதாரணமாக இருக்கவேண்டியதைப்போல நான்கு மடங்கு என்றார்.

படிக்கல்லாரின் பார்வை மூலையிலிருந்த தராசின் மேல் போய் நின்றது. "அந்தத் தராசுலயா நிறுத்தீங்க?"

"ஆமா."

"அதுக்கு முத்திரை போட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சு. காலாவதி."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். திசு டாக்டர் எழுந்துபோய்த் தராசின் முன்பக்கத்தில் இருந்த முத்திரையைக் குனிந்து பார்த்தார். "நெஜந்தான். இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பத்து கிராம் முன்னப் பின்ன இருந்தா ஒண்ணும் கெட்டுடாது. ஆனா கட்டிக்கு நான் வைக்கற பேர் தப்பாப் போனா உங்க தலையெழுத்தே மாறிடும். அதனாலதான் லேட்டு."

"புரியல."

"நான் மொதல் சாயத்தை நம்பல."

படிக்கல்லார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"திசுவுக்கு விதவிதமா சாயம் ஏத்துவோம். ஒவ்வொரு சாயத்தையும் ஒரு வகை செல்தான் வாங்கிக்கும். உங்க கட்டி ரத்தக் குழாய் செல்லுக்கான சாயத்தை வாங்கிச்சு. அதோட நின்னிருந்தா ரத்தக் குழாய்ல வர்ற பொல்லாத புற்றுநோய்னு ஒருத்தர் எழுதிடலாம். அடுத்து, குப்பை அள்ளித் தின்னுற செல்லுக்கான சாயத்தை ஏத்தினேன். அதையும் வாங்கிச்சு. ஒரே செல்லு ரெண்டு அடையாளச் சீட்டு வெச்சிருந்தா யாருக்குமே சந்தேகம் வரும்ல? சாயம் கெட்டுப்போச்சோன்னு புதுசா வாங்கி மறுபடியும் செஞ்சேன். நாப்பது எடத்துல வெட்டிப் பார்த்தேன். அப்புறமும் மனசு கேக்காம, இதுலயே முடி நரைச்ச ஒருத்தருக்கு வேற ஊருக்கு அனுப்பினேன். நான் என்ன நினைக்கிறேன்னு அவருக்கு எழுதல. சொன்னா அவர் கண்ணு என் பக்கம் சாயும்."

பெயரை மடித்து மறைத்துப் பிரதி எடுத்தது படிக்கல்லாருக்கு நினைவு வந்தது. ஆனால் இவர் செய்தது வேறு என்பதும் புரிந்தது. இவர் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னாரு?" என்று மனைவிதான் கேட்டாள்.

"இன்னிக்குக் காலைல பதில் வந்திச்சு. ரெண்டு பேரும் ஒண்ணேதான் எழுதியிருக்கோம். லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. மண்ணீரல்ல ரத்தம் ஓடுற பாதைக்கு உள்ள ஒட்டியிருக்கற செல்லுல வர்ற கட்டி. மண்ணீரலைத் தவிர வேற எங்கயும் வராது, ஏன்னா அந்த செல்லு வேற எங்கயும் கெடையாது. சாது. செல்லு எதுவும் தாறுமாறாப் பெருகல. முழுசா எடுத்தாச்சு."

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படிக்கல்லார் அசையவில்லை. டாக்டரின் கை கோப்பை மூடாமல் அந்தரத்தில் நின்றதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதோ இருக்கு" என்றார்.

"இருக்கு" என்றார் டாக்டர். "இது தனியா வந்தா சாது. ஆனா இது வர்றவங்கள்ல சிலருக்கு உடம்புல வேற எங்கயாவது இன்னொரு கட்டி இருந்திருக்கு. குடல்ல நிறைய பார்த்திருக்காங்க. ஏன்னு யாருக்கும் தெரியாது. அதனால தேடிப் பார்த்துடணும். இல்லைன்னு நினைச்சுக்கிட்டு விட்றக் கூடாது."

வேறு யாராவது சொல்லியிருந்தால், முடிந்த வழக்கைத் திரும்பத் திறக்கிறார்கள் என்று அவர் எழுந்து போயிருப்பார். இந்த அம்மாவிடம் "எப்போ வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

குழாய் விட்டுக் குடலைப் பார்த்தபோது, பெருங்குடலின் வலது பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு முளை இருந்தது. அங்கேயே கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்தார்கள். அதுவும் அதே திசு டாக்டரின் மேசைக்குத்தான் போனது. கெடத் தொடங்கியிருந்தது, ஆனால் வேர் விடவில்லை. இன்னும் நாலைந்து வருடம் விட்டிருந்தால் புற்றுநோயாகியிருக்கும் என்று எழுதினார். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும். வேறு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

ரிப்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று முறை படித்தார். மனைவி எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இதுவாவது நம்பற மாதிரி இருக்கா?" என்றாள்.

"அந்தம்மா எழுதினதுல்ல."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தம்மா சொன்னா நம்புவீங்க."

"அவங்க தன்னையே நம்பாம நாலு தடவ சரி பாக்கறாங்க."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அப்போ உங்களை நீங்க எப்போ சரி பாக்கப்போறீங்க?"

படிக்கல்லார் ரிப்போர்ட்டை உறையில் போட்டார். பிறகு போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். அவர் தானாக மச்சானுக்குப் போன் செய்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மறுமுனையில் மச்சான் பதறிப்போய், "என்ன மாமா, ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. ஊசி போட்ட கை எப்படி இருக்குன்னு கேக்கத்தான்."

மச்சான் எச்சரிக்கையாகக் கேட்டார்: "எதுக்குக் கேக்கறீங்க?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க அவரும் சிரித்துவிட்டார்.